பூச்சியம் என்று போன கடிதம்

எங்கள் ரெக்கோர்ட் ரூமில் மூன்று கலண்டர்கள் தொங்கின. ஒன்று அரசாங்கத்தினுடையது. மற்றது பிறைக் கணக்குப் போட்ட எங்கள் ஆட்களின் கலண்டர். மூன்றாவதை ஆலையடிவேம்பிலிருந்து பஸ் ஏறி என்னோடு வேலைக்கு வரும் அக்கா கொண்டுவந்து மாட்டுவா. அதில் கோயில் சடங்குகளும் திருவிழாக்களும் சிவப்பு மையில் இருக்கும். புதிதாக வருகிறவர்கள் எங்களைச் சாஸ்திரம் பார்க்கிறவர்கள் என்று நினைத்தாலும் அவர்கள் மேல் குற்றமில்லை.

கல்முனைக் கரையில் ஓர் ஆஸ்பத்திரியின் பின்கட்டில் நாங்கள் இருந்தோம். வாட்டில் தங்கி நின்று போன நோயாளர்களின் கோப்புகள் எல்லாம் வருஷம், மாதம், திகதி என்று கட்டுக் கட்டாக எங்கள் பொறுப்பில். பழைய கோப்பைத் தேடி வருகிறவர்களிடம், "எப்ப வாட்டுல நிண்டீங்க?" என்று கேட்டால் ஒருத்தராவது இங்கிலீஸ் திகதி சொல்ல வேண்டுமே! "நோன்பு இருபத்தேழு கழிஞ்ச மத்த நாள்" என்பார்கள். "கொடியேத்தத்துக்கு மூணு நாளைக்கு முந்தி" என்பார்கள். அக்காவின் ஊர்ப்பக்கத்து ஆட்கள், "அம்மன் கோயில் திருக்குளுத்தி முடிஞ்ச செவ்வாய்க்கிழமை" என்பார்கள். நோன்பும் பெருநாளும் என் பக்கம், கோயிலெல்லாம் அக்காவின் பக்கம். கணக்குப் போட்டு, ஏணியில் ஏறி, கட்டை இறக்கி, நூலை அவிழ்த்து, கோப்பை உருவி எடுத்தால் அது சரியாக அந்த ஆளுடையதாக இருக்கும். யார் முதலில் எடுப்பது என்று எங்களுக்குள் போட்டி. தோற்றவர் பின்னேரத் தேத்தண்ணிக்கு வடை வாங்க வேண்டும். பெரும்பாலும் அக்காதான் வாங்கினா.

இப்போது நான் வேறொரு கந்தோரில் இருக்கிறேன். குளிரூட்டி உண்டு, ஆளுக்கொரு கணினி உண்டு. தூசி இல்லை, தும்மல் இல்லை, பூச்சி அரித்த கடதாசி இல்லை. அந்தத் தூசிக்காக நான் ஏங்குகிறேன் என்று சொன்னால் என் மகள் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். பகல் சாப்பாட்டுக்கு அக்கா தன் கறிச்சட்டியிலிருந்து கத்தரிக்காய்ப் பொரியலை என் பார்சலில் தள்ளிவிட்டு, "தின்னுகா, தின்னாம என்னத்தக் கிழிக்கப் போறாய்" என்று சொன்ன குரலை எந்தக் கணினியும் எனக்குத் திருப்பித் தராது.

எங்கள் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். நோயாளிக்குத் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினால், அவருடைய கோப்பு எங்களிடம் வரும். முன் பக்கத்தில் டொக்டர் நோயின் பெயரை எழுதியிருப்பார். உலகத்து நோய்களுக்கெல்லாம் எண் போட்ட தடித்த புத்தகம் ஒன்று உண்டு. அதைப் பார்த்து அந்த நோய்க்குரிய எண்ணைச் சிவப்புப் பேனையால் மூலையில் எழுத வேண்டும். பிறகு அந்த எண் கணினிக்குள் போகும். கோப்பின் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துத்தான் எண் போட வேண்டும் என்பது விதி. அது விதி. நான் செய்தது வேறு.

நான் வேகக்காரி. அக்கா ஒரு கட்டு முடிப்பதற்குள் இரண்டு கட்டு முடித்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு அவவைப் பார்ப்பேன். என் வேகத்தின் இரகசியம் ஓர் அட்டை. அடிக்கடி வரும் நோய்களையும் எண்களையும் என் கைப்பட எழுதி, மேசைக் கண்ணாடிக்குக் கீழே செருகி வைத்திருந்தேன். டெங்கு என்றால் இது, சீனி வருத்தம் என்றால் இது, முதுகு வளைவு என்றால் எம் நாற்பத்தொன்று புள்ளி ஒன்பது. புத்தகத்தைத் திறக்கவே தேவையில்லை. அந்தப் புள்ளி ஒன்பதுக்குப் புத்தகத்தில் ஓர் அர்த்தம் உண்டு. என்ன வகை என்று சொல்லப்படவில்லை என்பதே அது. முன்பக்கத்தில் வகை சொல்லப்படாவிட்டால் உள்ளே போய்த் தேட வேண்டும். நான் தேடவில்லை.

"என்னகா, எல்லாத்தையும் ஒன்பதுக்குள்ள தள்ளுறாய்?" என்று அக்கா ஒருநாள் கேட்டா.

"உங்களுக்குப் பொறாம" என்றேன். அவ மூக்குக் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்துவிட்டுத் தன் கோப்பைப் புரட்டினா.

அப்படியிருக்கும்போதுதான் பிள்ளைகளின் டொக்டர் ஒரு கடிதத்தோடு எங்கள் அறைக்கு வந்தார். ஊருக்குப் புதிது, வந்து சில மாதம்தான். கொழும்பிலிருந்து முதுகெலும்பு ஒப்ரேசன் செய்யும் நிபுணர்கள் வரப்போகிறார்களாம். நரம்பு, தசை நோயால் முதுகு வளைந்த பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் வேண்டுமாம். சாதாரண முதுகு வளைவு அல்ல, இந்த வகை மட்டும். "இந்தப் பிள்ளைகளுக்கு முதுகு வளைய வளைய நெஞ்சுக்கூடு நெரிபடும்" என்று டொக்டர் நின்றபடியே விளங்கப்படுத்தினார். "நுரையீரலுக்கு இடம் இல்லாமப் போகும். மூச்சு ஓரளவு பலமா இருக்கக்குள்ளயே ஒப்ரேசன் செய்யணும். பிந்தினா மயக்க மருந்து குடுக்கவே பயப்படுவாங்க."

அந்த வகைக்குப் புள்ளி நான்கு. கணினியில் தட்டினேன். ஒன்றுமே வரவில்லை. பத்து வருஷத்துக்கும் தட்டினேன். பூச்சியம்.

"ஒண்டுமே இல்லையா? நல்லாப் பாத்தீங்களா?" என்று டொக்டர் கேட்டார்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. வந்து ஆறு மாதம் ஆகாத ஆள், என் வேலையைச் சந்தேகிப்பதா? "எங்கட வேல சரியா இரிக்கி டொக்டர். இல்லாத புள்ளைய எங்க இரிந்து கொண்டு வாற?" என்றேன். அவர் கடிதத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். பெயர்கள் எழுத வேண்டிய இடத்தில் பூச்சியம் என்று நானே டைப் செய்தேன். கடிதம் அன்றைக்கே போய்விட்டது.

இரண்டு கிழமை இருக்கும். பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடித்து, நான் சாப்பாட்டுப் பார்சலை அவிழ்த்த நேரம் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். கறுப்பு அபாயா, முகமெல்லாம் வியர்வை. இடுப்பில் பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க ஒரு பெண் பிள்ளை. அந்த வயதுப் பிள்ளையை யார் இடுப்பில் வைப்பார்கள்? பிள்ளையை வெளியே கிடந்த நீள வாங்கில் இருத்திவிட்டு வந்து என் மேசையைப் பிடித்தாள்.

"மிஸ், மகள்ட பழைய கோப்புல போட்டோக் கொப்பி ஒண்டு வேணும். ஸ்கூல்ல கேக்காங்க. வகுப்பு மேல் மாடிக்குப் போகுதாம், அதக் கீழ்மாடிக்கு மாத்திறதுக்கு."

"பன்னெண்டு மணிக்குப் புறகு குடுக்கிறல்ல. நாளைக்கு வாங்க."

"நாளைக்கு வர ஏலா மிஸ். இவங்கட வாப்பா கடலுக்குப் போறவர். சாய்ந்தமருதுல இரிந்து நான்தான் தனிய தூக்கித்து வாறன்."

"வாற எல்லாரும் இதத்தான் சொல்ற."

"எல்லாரும் சொன்னா எல்லாருக்கும் கஸ்டம் எண்டுதானே அருத்தம்? உங்களுக்குச் சோறு ஆறுது, எனக்குக் கை அத்துப் போகுது. கதிரையில இரிக்கிற ஆக்களுக்கு எங்க விளங்கப் போகுது!"

எனக்கு வந்த கோபத்தில் பார்சலைத் திரும்பக் கட்டினேன். அவளோடு வாய் கொடுத்தால் நான் தோற்பேன் என்று தெரிந்தது. அதனால் வெளியே இருந்த பிள்ளையிடம் என் கோபத்தைக் காட்டினேன். அவள் ஒரு பக்கமாகச் சரிந்து, ஒரு தோள் மேலும் ஒரு தோள் கீழுமாக இருந்தாள்.

"நீ என்ன புள்ள இப்பிடிச் சரிஞ்சி இரிக்க? நிமிந்து இரி. கூன் விழுந்துடும்."

"விழுந்துட்டு மிஸ்" என்றாள். "இனி என்னத்துக்கு நிமிர?"

அக்காவின் கை அப்படியே சோற்றில் நின்றது. நான் எழுந்து வெளியே போய் அந்தப் பிள்ளையைச் சரியாகப் பார்த்தேன். கால்கள் மெலிந்து தொங்கின. இரண்டு உள்ளங்கையையும் வாங்கில் ஊன்றித்தான் இருந்தாள். கையை எடுத்தால் விழுந்துவிடுவாள். "எழுதக்குள்ள என்ன செய்வாய்?" என்று கேட்டேன். "ஒரு கைய ஊண்டித்து மத்தக் கையால எழுதுவன். கணக்குப் பாடத்துக்குத்தான் கரச்சல். ரூலர் பிடிக்க மூணாவது கை இல்ல" என்றாள். இவ்வளவும் சாதாரணமாகச் சொன்னாள்.

உம்மாக்காரி ஒரு ரெக்சின் பையை என் மேசையில் கவிழ்த்தாள். எல்லாம் பிளாஸ்டிக் உறை ஒட்டிய கடதாசிகள். சுனாமியில் வீட்டோடு அடையாள அட்டை முதல் கலியாணச் சேட்டிபிக்கட் வரை போனவர்களில் அவளும் ஒருத்தி. அதற்குப் பிறகு கையில் கிடைக்கும் கடதாசி எல்லாவற்றையும் கடையில் கொடுத்து லெமினேட் செய்துவிடுவாள். எங்கள் கரையில் பாதிப் பேருக்கு அந்தப் பழக்கம் உண்டு. என் வீட்டு அலுமாரியிலும் உண்டு. துண்டு வெட்டும்போது கொடுத்த அட்டையை எடுத்துப் பார்த்தேன். நிமோனியா, முதுகு வளைவு. அவ்வளவுதான். இன்னொரு சின்னத் துண்டு கன்னங்கரேலென்று இருந்தது.

"இது என்ன?"

"மூச்ச ஊதிப் பாத்த துண்டு. இது மட்டும் எப்பிடியோ கருகிப் போயிட்டு மிஸ்."

கடையில் பில் அடிக்கும் வழுவழுப்பான கடதாசி அது. சூடு பட்டால் கறுத்துவிடும். பத்திரமாக வைக்க நினைத்தே அழித்திருக்கிறாள். பாவம், யார் அவளுக்குச் சொன்னார்கள்?

"இவள்ட காலுக்கு என்ன?"

"சின்னதுல இரிந்தே நடக்கல்ல. நரம்பும் தசையும் பிழ எண்டு அப்ப இரிந்த டொக்டர் சொன்னவர். அவர் வேற ஊருக்கு மாறிப் போயிட்டார். புறகு நாங்க கிளினிக் வரல்ல. முதுகு, இவள் சோம்பல்ல சரிஞ்சி இரிந்து இரிந்துதான் வளைஞ்சிட்டு. எத்தின நாள் அடிச்சிரிக்கன் தெரியுமா மிஸ், நிமிந்து இரி நிமிந்து இரி எண்டு."

பிள்ளை எங்களைப் பார்க்கவில்லை. வேப்பமரத்துக் காகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மேசையைக் குனிந்து பார்த்தேன். மேசைக் கண்ணாடிக்குக் கீழே என் அட்டை இருந்தது. முதுகு வளைவு, புள்ளி ஒன்பது. இந்தப் பிள்ளையும் என் ஒன்பதுக்குள்தான் கிடப்பாள். நான் நான்கில் தேடிவிட்டு, அப்படி ஒரு பிள்ளை இந்த ஊரிலேயே இல்லை என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.

அவர்களை இருத்தித் தேத்தண்ணி கொடுத்துவிட்டு நேரே டொக்டரிடம் போனேன். மாடிப்படி ஏறும்போது எத்தனையோ வசனங்களை யோசித்துப் பார்த்தேன். வாயைத் திறந்ததும், "டொக்டர், நான் பிழ வுட்டுட்டன்" என்பதுதான் வந்தது. அவர் ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். "எத்தன பிள்ளைகள்?" என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். "கொழும்புக்குக் கதைக்கிறன். ஒரு கிழம தருவாங்க. பழைய மூச்சு அளவும் நோயின்ட பேரும் எழுத்துல வேணும். அது இல்லாம எடுக்க மாட்டாங்க" என்றார்.

திரும்பி வந்து அக்காவிடம் சொன்னேன். அவ கதவைச் சாத்திவிட்டு வந்து என் காதோடு கதைத்தா. "தங்கச்சி, இஞ்ச பாரு. புதுசா வந்த கேஸ் எண்டு எழுதி அனுப்பு. முந்தின பிழை எண்டு எழுதினாயெண்டா மேலிடத்துல விளக்கம் கேப்பாங்க. உனக்கு என்னத்துக்கு இந்த வினை?"

நியாயமான பேச்சுத்தான். எனக்கும் ஆசை வந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் புதிய கேஸ் என்றால் பழைய மூச்சு அளவைக் காட்ட ஏலாது. அது இல்லாவிட்டால் அந்தப் பிள்ளையின் மூச்சு எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று யாருக்கும் தெரியாது. விளக்கக் கடிதத்தை அன்றைக்கே எழுதினேன். உள்ளே வாசிக்காமல் எண் போட்டது நான், பிழை என்னுடையது. அதற்குக் கீழே கையெழுத்தும் வைத்தேன்.

அதன் பிறகு தேடல். முதுகு வளைவு என்று நான் ஒன்பது போட்ட கோப்புகள் எல்லாவற்றையும் இறக்கி, ஒவ்வொன்றாக உள்ளே வாசித்தோம். பகல் முழுக்க ஏணியும் தூசியும் தும்மலும். விடு என்று சொன்ன அக்காதான் என்னைவிட அதிகம் ஏணி ஏறினா. முழங்கால் வருத்தக்காரி. "ஒன்பதுக்குள்ள தள்ளினது நீ, இழுத்து எடுக்கிறது நான்" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முணுமுணுப்பா. மூன்று பிள்ளைகள் கிடைத்தார்கள். வாங்கில் இருந்த அந்தப் பிள்ளையின் கோப்பு மட்டும் கிடைக்கவில்லை. அட்டையில் திகதி இருந்த இடத்தில் லெமினேட் செய்தவனின் சூட்டில் மை பரவிப் போயிருந்தது. கணினியிலும் அந்த வருஷத்தில் பாதிதான் ஏற்றியிருந்தோம்.

உம்மாக்காரிக்குப் போன் எடுத்தேன். "எப்ப வாட்டுல நிண்டீங்க தங்கச்சி? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"நல்ல நினைவு மிஸ். நாலு வருஷத்துக்கு முந்தி. நான் ஆறு நோன்புல நாலாவது பிடிச்ச அண்டு."

ஆகா, என் பாடம்! நோன்புப் பெருநாள் முடிந்த பிறகு அந்த மாதத்துக்குள் பிடிக்கும் ஆறு நோன்பு. பெருநாளுக்கு அடுத்த நாள் தொடங்கினால் நாலாவது எந்தத் திகதி? அந்த வருஷத்துப் பழைய கலண்டரைப் பார்த்துக் கணக்குப் போட்டு, அந்தத் திகதிக் கட்டை இறக்கினோம். இல்லை. முன் கட்டு, பின் கட்டு, இல்லை. மறுநாள் திரும்பத் தேடியும் இல்லை. கொடுத்த கிழமையில் இரண்டு நாள்தான் மிச்சம். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. "உன்ட கலண்டரும் நீயும்" என்று அக்கா நெற்றியில் அடித்தா.

அன்றைக்கு வீட்டில் மீன் கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் பொறி தட்டியது. அட கிறுக்கி! நீ ஒரு பொம்பிளைதானே? ரமழானில் பொம்பிளைகளுக்கு நோன்பு பிடிக்க முடியாத நாட்கள் வரும். எங்கள் பக்கத்துப் பொம்பிளைகள் விடுபட்ட அந்தக் களா நோன்புகளைத் திரும்பப் பிடித்துவிட்டுத்தான் ஆறு நோன்பைத் தொடங்குவார்கள். நானும் அப்படித்தான். ஆம்பிளைகளின் கணக்கில் நான் தேடியிருக்கிறேன். கழுவாத கையோடு போன் எடுத்தேன். "தங்கச்சி, களா நோன்பு புடிச்சிட்டா ஆறு நோன்பு தொடங்கின?"

"ஓம் மிஸ். ஏழு நாள் களா. அது முடிஞ்சிதான்."

மறுநாள் காலை எட்டு மணிக்கு அந்தக் கட்டை அவிழ்த்தோம். மூன்றாவது கோப்பு அந்தப் பிள்ளையுடையது. முன்பக்கத்தில் நிமோனியா, முதுகு வளைவு. மூலையில் என் சிவப்பு எழுத்து, அழகாக, வேகமாக. உள்ளே புரட்டினால் மாறிப் போன அந்த டொக்டர் முத்து முத்தாக எழுதியிருந்தார். தசைகளுக்குப் போகும் நரம்பு பிறவியிலேயே நலிந்து வரும் நோய், அதனால் முதுகு வளைகிறது, வருஷத்துக்கு ஒருமுறை மூச்சு பார்க்க வேண்டும், ஒப்ரேசனுக்கு யோசிக்க வேண்டும். ஊதிப் பார்த்த துண்டை ஒட்டியிருந்தார். அது மங்கி வெறும் வெள்ளையாகிவிட்டிருந்தது. ஆனால் மனிதர் பக்கத்தில் அளவுகளைப் பேனையால் எழுதி வைத்திருந்தார். அல்லாஹ் அவருக்கு நீண்ட ஹயாத்தைக் கொடுக்கட்டும். நான் அந்த ஒன்பதை வெட்டி நான்கு எழுதி, பக்கத்தில் சுருக்கக் கையெழுத்து வைத்தேன். அக்கா போய் வடை வாங்கி வந்தா.

கொழும்பு ஆட்கள் வந்து அந்தப் பிள்ளையைப் பார்த்தார்கள். திரும்ப ஊதச் சொன்னார்கள். நாலு வருஷத்தில் அளவு நன்றாக இறங்கியிருந்தது. இப்போது செய்யலாம், அடுத்த வருஷம் என்றால் நாங்கள் கை வைக்கமாட்டோம் என்று சொன்னார்களாம். நோய் இதனால் மாறாது, முதுகு நிமிர்ந்தால் மூச்சுக்கு இடம் கிடைக்கும், அவ்வளவுதான். ஒப்ரேசனிலேயே ஆபத்தும் உண்டு. முதுகு வளைந்தது பிள்ளையின் சோம்பலால் அல்ல, நோயால் என்று அவர்கள் சொன்னபோது உம்மாக்காரி அந்த இடத்திலேயே தன் கையைத் தானே அடித்து அழுதாளாம். டொக்டர்தான் எனக்குச் சொன்னார்.

கொழும்புக்குப் போகிற நாளுக்கு முதல் நாள், பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு, மருதமுனையில் என் வீட்டு வாசலில் ஓர் ஓட்டோ வந்து நின்றது. உம்மாக்காரியும் பிள்ளையும். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஹஜ்ஜுக்கோ, உயிருக்கு என்ன ஆகுமோ என்ற பயணத்துக்கோ போகிறவர்கள் தெரிந்தவர் வீடெல்லாம் ஏறி இறங்கிப் பொருத்தம் கேட்பார்கள். ஏதும் பிழை செய்திருந்தால் பொருந்திக்கொள்ளுங்கள் என்று. உம்மாக்காரி சாய்ந்தமருதில் தன் தெருவை முடித்துவிட்டு வந்திருந்தாள்.

"ராத்தா, அண்டைக்கு உங்களோட வாய் காட்டிட்டன். சோத்தையும் தின்ன வுடல்ல. பயணம் போறம். மனசுல வெக்காம பொருந்திக்கங்க" என்று, மிஸ்ஸை விட்டுவிட்டு அக்கா முறை சொல்லி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

அவள் கையிலிருந்து என் கையை எடுக்க முடியவில்லை. அந்தக் கோப்பில் நான் விட்ட பிழையைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. நான் பாடுபட்டுத் தேடித் தந்தவள் என்றுதான் அவள் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள். அப்படியே விட்டிருக்கலாம். நாக்கு கேட்கவில்லை.

"பொருத்தம் கேக்கிற ஆள் நான் தங்கச்சி" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். நாலு வருஷமாக நோயின் பெயர் உள்ளே எழுதியிருந்தது, நான் வாசிக்காமல் எண் போட்டது, இந்த ஊரில் அப்படிப் பிள்ளையே இல்லை என்று எழுதி அனுப்பியது. சொல்லச் சொல்ல அவள் பிடி தளர்ந்தது. கையை எடுத்துவிட்டாள். கதிரையில் சரிந்திருந்த மகளின் பக்கம் திரும்பினாள்.

"அது என்ட முதுகு இல்ல ராத்தா" என்றாள். "அவள்ட முதுகு. அவளுக்கிட்டக் கேளுங்க."

பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு முன்னால் நான் நிலத்தில் இருந்தேன். முகத்தைப் பார்க்க அப்படித்தான் முடிந்தது. "பொருந்திக்க புள்ள" என்றேன்.

அவள் யோசித்தாள். "இப்ப சொல்ல மாட்டன். போய்த்து வந்து சொல்றன்."

"அடியே, பயணம் போற நேரம் அப்பிடிச் சொல்லப்படா" என்று உம்மா பதறினாள். "பொருந்தித்தன் எண்டு சொல்லு."

"சொல்லித்துப் போனா எல்லாம் முடிஞ்ச மாதிரி ஆயிடும் உம்மா. எனக்குத் திரும்பி வர ஒரு வேல இரிக்கட்டும்."

ஒப்ரேசன் பத்து மணித்தியாலம் நடந்ததாம். ஒன்றரை மாதம் கழித்து வந்தாள். நேராக, நெடுப்பமாக, சக்கர நாற்காலியில் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். நான் போய் நின்றதும் கேட்டேன், "இப்ப சொல்லு." "யோசிக்கிறன் மிஸ்" என்று சிரித்தாள். அன்றிலிருந்து ஒவ்வொரு பெருநாளைக்கும் வட்டிலப்பம் கொண்டு போவேன். கேட்பேன். யோசிக்கிறன் என்பாள். எங்களுக்குள் அது ஒரு விளையாட்டாகிவிட்டது. ஏழு வருஷம் ஆகிறது. அக்கா ஓய்வு பெற்றுவிட்டா, எனக்கும் இடமாற்றம் வந்துவிட்டது. அவள் உயர்தரம் எழுதினாள். நோய் தன் பாட்டில் நடக்கிறது. இப்போது பேனை பிடிக்க விரல்கள் கேட்பதில்லை, போனில் பேசித்தான் எழுதுகிறாள். மூச்சுக்கு இரவில் ஒரு மெசின்.

இந்த முறை பெருநாளைக்குப் போனபோது நான் கேட்கவில்லை. கேட்க மறந்ததுபோல் வேறு கதை கதைத்தேன். புறப்பட எழுந்தபோது அவள்தான் கூப்பிட்டாள்.

"மிஸ், எல்லாம் யோசிச்சி முடிச்சிட்டன். சொல்லட்டா?"

"வேணாம்!" என்று கத்திவிட்டேன். அடுப்படியிலிருந்து உம்மாக்காரி ஓடி வந்தாள். நான் அந்தப் பிள்ளையின் வாயை என் கையால் பொத்திக்கொண்டு நின்றேன்.